பின்கதவில் ஒரு தட்டல்

சிக்னலில் வண்டி நின்றால்தான் அந்தச் சத்தம் கேட்கும். ஓடும்போது கேட்காது. மேடுபள்ளத்தில் ஏறி இறங்கினாலும் கேட்காது. சிவப்பு விழுந்து, வண்டி நின்று, இன்ஜின் மட்டும் முனகிக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிஷத்தில், பின்சீட்டின் இடதுபக்கத்திலிருந்து டொக் என்று ஒன்று. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் டொக் டொக் என்று இரண்டு. யாரோ விரலை மடக்கி, மரியாதையாகக் கதவைத் தட்டுவது போல.

முதல் தடவை கேட்டபோது, வெளியே யாரோ நின்று தட்டுகிறார்கள் என்று எக்ஸ்ரேம்மா கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. பச்சை விழுந்ததும் பின்னால் நின்றவன் ஹார்னை அழுத்தியே பிடித்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரேம்மா என்றுதான் பெயர். இருபத்தெட்டு வருஷமாக ஒரே இருட்டறை, ஒரே வசனம்: “மூச்சை இழுத்துப் பிடிங்க... ஆடாதீங்க... இப்ப விடுங்க.” பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. வயது ஐம்பத்திரண்டு. உடம்பு ஒடிந்து விழுவது போல இருக்கும். பிடி மட்டும் இரும்புப் பிடி. எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் புரட்டி வந்த பிடி அது. மாற்று ஷிப்டுக்குப் போய்வரத்தான் அந்தப் பழைய காரை வாங்கினாள். ஒரு புரோக்கர் வழியாக வந்த வண்டி. முந்திய சொந்தக்காரரை அவள் பார்த்ததே இல்லை.

சத்தத்தை முதலில் மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோனாள். அவன் வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்தான்.

“எங்கம்மா சத்தம்? ஒண்ணும் கேக்கலையே.”

“ஓடறப்ப கேக்காதுப்பா. நிக்கறப்பதான் கேக்கும்.”

“நிக்கிற வண்டியில என்னம்மா சத்தம் வரப்போகுது!”

இன்ஜினைப் போட்டுவிட்டு இருவரும் கால் மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வண்டி, மாமியார் எதிரில் நிற்கும் மருமகள் மாதிரி மூச்சு விடவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், முதல் சிக்னலிலேயே, டொக். டொக் டொக்.

இரண்டாவது மெக்கானிக் கொஞ்சம் வயதானவர். நான்கு கதவையும் பிடித்துக் குலுக்கினார், அடியில் படுத்துப் பார்த்தார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “வீட்ல ஏதாவது கவலையாம்மா? சில சமயம் மனசுல இருக்கறது காதுல கேக்கும்.”

அவள் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குத்தான், இனி இந்த வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தது.

வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு படிக்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் அதையெல்லாம் வட்டியோடு பேசித் தீர்ப்பார். “நான் கூட வர்றப்ப அது தட்டவே மாட்டேங்குதே?” என்றார்.

“நீங்க பேசற பேச்சுல இடி விழுந்தாக்கூடக் கேக்காது.”

“அதுவும் சரிதான்.”

சின்னச் சின்ன வேலைகளை அவள் ஏற்கெனவே செய்து பழகியிருந்தாள். விளக்கு மாற்றினாள், ஹார்னைச் சரிசெய்தாள். பழகப் பழக, தனக்கு முன்னால் இந்த வண்டிக்குள் ஒரு கை புகுந்து விளையாடியிருக்கிறது என்பது தெரிந்தது. மெக்கானிக் கை இல்லை அது. மெக்கானிக் அவசரக்காரன், கிடைத்த நட்டை மாட்டி ஓங்கி முறுக்கிவிட்டுப் போவான். இந்த ஆள் பொறுமைசாலி. ஒவ்வொரு ஒயரின் முனையிலும் நூலால் நகைக்கடைக்காரன் கட்டுவது போன்ற சின்ன முடிச்சு. உடைந்துபோன ஹீட்டர் குமிழுக்குப் பதிலாக அவரே வார்த்த ஒரு குமிழ், விரலுக்கு வழவழவென்று, இளஞ்சிவப்பு நிறத்தில்.

“ஈறு கலர்ல இல்ல இருக்கு!” என்று வீட்டுக்காரர் அதைத் தொடவே மாட்டேன் என்றார்.

பொறுமைசாலி செய்த ரிப்பேரைப் போல எரிச்சல் மூட்டுவது உலகத்தில் வேறில்லை. சாதாரணமாகக் கழன்று வர வேண்டிய இடத்தில் அவருடைய பசை இருக்கும். பசையைச் சுரண்டினால் அடியில் அவருடைய ஸ்க்ரூ. எந்த ஸ்க்ரூ டிரைவருக்கும் அடங்காத அளவில். ஸ்க்ரூ வந்துவிட்டால் அதற்கும் அடியில் ஒரு முடிச்சு. “எந்த மகராசன்டா இது” என்று அவள் முகம் தெரியாத அந்த ஆளைத் திட்டாத நாள் இல்லை. திட்டிக்கொண்டே, அவர் கைக்கு இவள் கை பழகியும் போயிற்று. இங்கே இவர் என்ன செய்திருப்பார் என்று யோசித்தால் பெரும்பாலும் சரியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் இடதுபக்கப் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுச் சுவரை ஒட்டிய சந்தில் வண்டி நின்றது. கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும். போனில் ஒரு வீடியோவில் ஒருவன் சிரித்த முகமாக இரண்டே நிமிஷத்தில் கழற்றிக் காட்டினான். அவன் கையில் அழுக்குக்கூட ஒட்டவில்லை.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாடம் போல ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். பழைய துணியை இடுக்கில் விட்டு, செருப்புக்குப் பாலிஷ் போடுவது போல இப்படியும் அப்படியும் இழுத்தால் அது வெளியே வந்துவிடுமாம். இழுத்தாள். முக்கால் மணி நேரம் இழுத்தாள். துணி கிழிந்தது. இன்னொரு துணி. தோள்பட்டை விட்டுப்போகும்போல இருந்த சமயத்தில், டிங் என்று கிளிப் துள்ளிப் பறந்து எங்கோ போய் விழுந்தது. தவழ்ந்து தவழ்ந்து தேடி, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிக்குள்ளிருந்து அதை எடுத்து வந்தால், கையில் வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரைக் காணோம். வண்டியை மூன்று சுற்று சுற்றினாள். அது அவள் இடுப்பில் செருகியிருந்தது.

உள்பலகையைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒன்பது. முதல் நான்கு ஒழுங்காக வந்தன. மற்ற ஐந்தும் உடைந்து வந்தன. கட்டைவிரலில் தோல் உரிந்தது. பலகைக்குப் பின்னால் தார் போன்ற கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். அதைப் பிரித்தபோது பசை முழங்கை வரை ஏறி, மூக்கு அரித்த நேரத்தில் மூக்குக்கும் ஏறியது.

தாள் விலகியதும் கதவின் வயிறு தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள்.

உள்ளே இருக்கும் கைப்பிடியை இழுத்தால் பூட்டைத் திறக்கும் கம்பி ஒன்று உண்டு. அந்தக் கம்பி கைப்பிடியிலிருந்து கழற்றப்பட்டிருந்தது. தானாகக் கழன்றது அல்ல. முனையை நெம்பி எடுத்து, ஓரமாக மடக்கி, இரும்புச் சட்டத்தோடு ஒரு துணிப்பட்டையால் கட்டியிருந்தார்கள். அதே நகைக்கடை முடிச்சு. காலப்போக்கில் துணி இற்று அறுந்துபோக, கம்பி தொங்கி, இன்ஜின் அதிர்வில் தகரத்தில் போய்ப் போய்த் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவ்வளவுதான் சத்தம்.

அவளுக்கு மூச்சு வந்தது. பைத்தியம் இல்லை நான் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான், அந்தக் கட்டு எதற்கு என்ற கேள்வி வந்தது.

துணிப்பட்டையை எடுத்துப் பார்த்தாள். மெல்லிய பருத்தி, சின்னச் சின்ன நீலப்பூக்கள். ஒரு பெண்ணின் நைட்டியிலிருந்து கிழித்தது. இன்னும் கீழே, கண்ணாடி இறங்கும் வழியில், ஒரு மரக்கட்டை பொருத்தியிருந்தது. கண்ணாடி நாலு விரல் அளவுக்கு மேல் இறங்காமல் அது தடுத்தது. கண்ணாடியில் கீறல் விழக் கூடாது என்று கட்டையின் மேல்பக்கத்தை உப்புத்தாள் போட்டு இழைத்து, கம்பளித் துணி வேறு ஒட்டியிருந்தார் அந்த மனிதர்.

இந்தக் காலத்து வண்டிகளில் பின்கதவுக்குக் குழந்தைப் பூட்டு இருக்கிறது. இது அதற்கு முந்திய வண்டி. அப்படியே குழந்தைக்காக என்றாலும், நைட்டித் துணி?

அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பைகளைத் தவிர அந்த சீட்டில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. கைப்பிடியை இழுத்தாள். செத்த கை மாதிரி அது தொளதொளவென்று வந்தது. நகர்ந்து வலதுபக்கக் கதவுக்குப் போனாள். அதன் கைப்பிடியும் அப்படியே. அங்கே துணி இன்னும் இற்றுப்போகவில்லை, அதனால்தான் அந்தக் கதவு பேசாமல் இருந்திருக்கிறது. அதன் கண்ணாடியும் நாலு விரல் இறங்கி நின்றது. அந்த இடைவெளியில் கை மணிக்கட்டு வரைதான் போயிற்று.

முன்சீட்டுக்குத் தாவியிருக்கலாம். பலகை கழன்ற கதவில் கம்பியைக் கையாலேயே இழுத்திருக்கலாம். இரண்டும் அவளுக்குத் தோன்றவில்லை. வெயிலில் சூடேறிய சீட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் விரலை மடக்கிக் கண்ணாடியில் தட்டினாள். ஒன்று. கொஞ்சம் விட்டு, இரண்டு.

வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தோடு வந்து வெளியிலிருந்து திறந்துவிட்டார். “உள்ள ஒக்காந்துகிட்டு எதுக்குத் தட்டற? நான் அந்தச் சத்தம்தான்னு நெனச்சு பயந்தே போயிட்டேன்.” அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய பேச்சு நின்றது. அவருடைய பேச்சு தானாக நிற்பதை அவள் அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள்.

அவள் பிறந்த வீட்டில் ஒரு பக்கவாட்டு அறை இருந்தது. அவளுடைய அண்ணன் அதில் இருந்தான். இருபத்திரண்டு வயது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன்தான், ஒரு வருஷத்தில் ஆள் மாறிப்போனான். சுவரோடு பேசுவான், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தெருவில் நடந்துவிடுவான். மூன்று தடவை தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு அப்பா அந்த அறைக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தார்.

அண்ணன் கத்தி ரகளை செய்யும் நாட்களும் உண்டு. ஆனால் தெளிவாக இருக்கும் நேரத்தில் தட்டுவான். ஒற்றை விரலால், யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது போல.

அவளுக்குப் பதின்மூன்று வயது. ஒரு நாள் மத்தியானம், அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மா தூங்கினாள், அக்கா எங்கே இருந்தாள் என்று அவள் கவனிக்கவில்லை. அவன் தட்டினான். “பாப்பா, கொஞ்சம் திறந்து விடேன். சும்மா காத்து வாங்கிட்டு வந்துடறேன்.” குரல் பழைய அண்ணனின் குரலாக இருந்தது. அவள் தாழ்ப்பாளை இழுத்துவிட்டு, அவன் வெளியே வருவதைப் பார்க்காமலேயே, ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவன் திரும்பி வரவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை.

எல்லோரும் கேட்டபோது, நான் பார்க்கவில்லை என்றாள். காலையில் சாப்பாட்டுத் தட்டு வைத்துவிட்டு வந்தபோது தாழ்ப்பாளைச் சரியாகப் போடாமல் விட்டது தான்தான் என்று அப்பா நினைத்துக்கொண்டார். சாகும்வரை அப்படித்தான் நினைத்தார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது எந்தக் கதவையும் நான்கு முறை இழுத்துப் பார்ப்பார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள், அதைப் பார்த்துக்கொண்டே கல்யாணம் ஆகிப் போனாள். கட்டியவரிடம்கூடச் சொன்னதில்லை.

வண்டிப் பத்திரத்தில் முந்திய சொந்தக்காரரின் முகவரி இருந்தது. அடுத்த விடுமுறை நாளில், பலகை இல்லாத கதவோடு, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நேருக்கு நேர் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உள்ளே யாரைப் பூட்டி வைத்திருந்தாய்? வழியெல்லாம் அந்தக் கேள்வியை நாக்கில் வைத்து அரைத்துக்கொண்டே போனாள். சிக்னலில் கம்பி தட்டியது. இப்போது அது கம்பி என்று தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்த்தாள்.

கதவைத் திறந்தவர் எழுபது வயது மனிதர். சட்டைக் கையில் வெள்ளைப் பொடி. அவருக்குப் பின்னால் அறை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பற்கள். மேல்வரிசை, கீழ்வரிசை, பல் போன தாடைகளின் மாவு அச்சுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. மேஜையில் ஒரு கிண்ணத்தில் இளஞ்சிவப்புக் குழைவு. ஈறு நிறம். பல் செட் செய்கிறவர்.

அவள் வண்டி நம்பரைச் சொன்னாள்.

“இன்னும் தட்டுதா?” என்று கேட்டார்.

நாக்கில் இருந்த கேள்வி எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. “தட்டுது,” என்றாள். “கம்பி. நீங்க கட்டின துணி இத்துப் போச்சு. அந்தக் கம்பிதான் ஆடுது, வேற ஒண்ணும் இல்ல.”

“கம்பிதான்னு எனக்குத் தெரியாதாம்மா? கட்டினவனே நான்தானே.” நாற்காலியிலிருந்த அச்சுகளை எடுத்து வைத்துவிட்டு, அவளை உட்காரச் சொன்னார். “தெரிஞ்சும் என்னால ஓட்ட முடியல. அதான் வித்துட்டேன்.”

அவர் மனைவிக்கு ஞாபகம் போய்க்கொண்டே வந்தது. முதலில் பொருள்களின் பெயர், அப்புறம் ஆட்களின் பெயர். வீட்டில் சமாளித்துவிடலாம், வண்டியில்தான் ஆபத்து. ஓடும்போதே இரண்டு தடவை கதவைத் திறந்துவிட்டாள். இரண்டாவது தடவை ஒரு கால் வெளியே போய்விட்டது.

“அன்னைக்கு ராத்திரி அவளுக்குக் கொஞ்சம் தெளிவு. அவளேதான் சொன்னா, ‘என்னைக் கட்டிப் போட்டுடாத, கதவைக் கட்டிடு’ன்னு. அவ நைட்டியத்தான் கிழிச்சேன். இரும்புக் கம்பில கட்டினா சத்தம் வரும், அவளுக்குப் பிடிக்காது.” அவர் சிரிக்க முயன்றார். “கடைசில பாருங்க, சத்தம்.”

“தட்டுவாங்களா?”

“சிக்னல்ல நின்னா தட்டுவா. ஒண்ணு, அப்புறம் ரெண்டு. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். பாத்தா அழுவா. கண்ணாடியில பாக்காம இருக்கறதுக்குப் பழகிக்கிட்டேன்.” விரலில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டினார். “ஒரு நாள் வழி முழுக்கத் தட்டிக்கிட்டே வந்தா. வீடு வந்து, நான் கதவைத் திறந்து விட்டேன். இறங்கினா, சேலையச் சரி பண்ணிக்கிட்டா, என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டா. ‘ரொம்ப நன்றிங்க. ஒரு ஆளு என்னைப் பூட்டி வச்சு எங்கயோ கொண்டுபோறான். நீங்க வந்து திறந்து விட்டீங்க’ன்னா.”

அலமாரியில் நூறு வாய்கள். ஒன்றும் பேசவில்லை.

“அதுக்கப்புறம் ஆறு மாசம் இருந்தா. ஒவ்வொரு தடவையும் பூட்டினவனும் நான்தான், திறந்தவனும் நான்தான். ரெண்டு பேரும் ஒருத்தன்னு அவளுக்குச் சொல்லவே இல்ல.”

வாசல் வரை வந்தார். வண்டியைப் பார்த்தார், அவள் திறந்து பிடித்த, பலகை இல்லாமல் குடல் தெரிந்த கதவைப் பார்த்தார். கிட்டே வரவில்லை.

“கம்பிய மறுபடி மாட்டிடவா?” என்று கேட்டாள்.

“மாட்டுங்க. நான் பல தடவை ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கிட்டு வந்து நின்னுருக்கேன். கை வரல.”

மாட்டுவதற்கு அவளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கம்பியின் முனையைப் பிடிக்கும் குண்டுமணி அளவு பிளாஸ்டிக் கொக்கி எந்தக் கடையிலும் இல்லை. இருந்த ஒரே கடையில் வலதுபக்கத்துக்கு உரியது மட்டும் இருந்தது. அதில் இரண்டு வாங்கி, ஒன்றை இடதுக்குப் பொருந்தும்படி அரத்தால் தேய்த்துக்கொண்டாள். கதவுக்குள் கையை விட்டால் கை தெரியாது. கண்ணை விட்டால் கைக்கு இடம் இருக்காது. கொக்கி இரண்டு தடவை கதவின் அடிவயிற்றில் விழுந்து, காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கிய பிறகுதான், பிளாஸ்டிக்கைக் காந்தம் பிடிக்காது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் வாயில் வந்த வார்த்தைகளைக் கேட்டு வீட்டுக்காரர், “இதெல்லாம் அச்சுல ஏறாது” என்று உள்ளே போய்விட்டார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, இருட்டறையில் எலும்பைத் தொட்டுப் பார்த்து ஆளை நேராகப் படுக்க வைப்பது போல, விரலாலேயே தடவித் தடவி மாட்டினாள். டக் என்றது. கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. வலதுபக்கத்தையும் அவிழ்த்து மாட்டினாள். கட்டைகளை எடுத்தாள். நீலப்பூத் துணிகளைத் தூக்கிப் போட மனம் வராமல், துவைத்து, ஒரு உறையில் போட்டு அவருக்குத் தபாலில் அனுப்பினாள்.

அதற்குப் பிறகு சிக்னலில் சத்தம் இல்லை. ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாரத்தில், சிவப்பு விழுந்தால் அவள் ரேடியோவை அணைத்துவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினாள். எதுவும் தட்டவில்லை. தட்டாத அந்த அரை நிமிஷம் தட்டியதைவிட மோசமாக இருந்தது. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பாள். பச்சை விழுந்ததும் தெரியாமல் நிற்பாள். வேலையிலும் அப்படியே: மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துபோனாள், ஒரு கிழவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே அக்கா வீட்டுக்கு வண்டியை விட்டாள். அக்காவுக்கு அவளைவிட ஏழு வயது அதிகம். கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, சொல்லாம கொள்ளாம? மூஞ்சியெல்லாம் ஏன் இப்படி இருக்கு?”

“அக்கா, அன்னைக்குத் தாழ்ப்பாளை நான்தான் திறந்து விட்டேன்.”

எந்தத் தாழ்ப்பாள் என்று அக்கா கேட்கவில்லை. கையிலிருந்த போர்வையை மடித்தாள். பாதியில் நிறுத்தினாள். மறுபடி மடித்தாள்.

“தெரியும்,” என்றாள்.

“தெரியுமா?”

“நான் ஜன்னல்கிட்டதான் நின்னுக்கிட்டு இருந்தேன். நீ ஓடினத பாத்தேன். அவன் வெறுங்காலோட வெளிய வந்தான். வெயிலு. நான்தான் செருப்ப எடுத்துக் கொடுத்தேன்.”

கொடியில் இன்னும் இரண்டு மூன்று துணிகள் இருந்தன. அக்கா அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“போயிட்டா நல்லா இருக்கும்னு எனக்கு அப்ப இருந்துச்சு. ஒரு நாளு, ரெண்டு நாளு. வீடு அமைதியா இருக்கும்னு. தெருமுனையில நின்னு திரும்பிப் பாத்தான். நான் கையாட்டினேன்டி. போயிட்டு வான்னு கையாட்டினேன்.”

“அப்பா கடைசிவரைக்கும்...”

“அப்பாவப் பத்தி இப்ப பேசாத.”

இருவரும் துணிக்கூடைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். யாரும் அழவில்லை. முப்பத்தொன்பது வருஷமாக ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், மறுமுனையில் இன்னொருத்தி இருப்பது தெரியாமலேயே. இருட்டத் தொடங்கியபோது அக்கா உள்ளே போய், ஒரு பழைய டப்பாவிலிருந்து அண்ணனின் போட்டோவை எடுத்து வந்தாள். கல்லூரி அட்டைக்காக எடுத்தது. இவ்வளவு சின்னப் பையனா என்று இருவருக்குமே தோன்றியது.

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு நாள் இருவரும் கிளம்புகிறார்கள். ஆதரவற்றவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லங்களின் பட்டியல் ஒன்றை எக்ஸ்ரேம்மா ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். இதுவரை பதினான்கு இடங்களுக்குப் போய்வந்துவிட்டார்கள். வண்டி வழியில் மூன்று தடவை மக்கர் செய்தது. அவள் இறங்கிச் சரிசெய்தாள், அக்கா குடை பிடித்துக்கொண்டு யோசனை சொன்னாள். கிடைப்பான் என்று இருவரும் நம்பவில்லை. இருந்தால் அறுபத்தொரு வயது.

போன மாதம் போன இல்லத்தில் பொறுப்பாளர் போட்டோவைப் பார்த்துவிட்டு, வயது ஒத்துப்போகிற ஒருவர் இருப்பதாகச் சொல்லிக் கூட்டிப் போனார். ஜன்னலோரம் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காது, மூக்கு, நெற்றி எதுவும் பொருந்தவில்லை. பார்த்த கணத்திலேயே இல்லை என்று தெரிந்துவிட்டது.

அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “எப்ப வந்தீங்க?” என்று கேட்டார்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்பதான் வந்தோம்,” என்றாள். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை இருவரும் அவரோடு இருந்தார்கள்.